ஓரணாக் கணக்கில் நிறைந்த பள்ளிக்கூடம்: வெள்ளுடை வேந்தர் தியாகராயர்

லுக்குட் – சென்னைக்குப் போய் வரும் நம்மவர்கள் தி.நகரை மிதிக்காமல் திரும்புவது அரிது. கல்யாணச் சேலை, வேட்டி, நகை, பாத்திரம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகிறோம். பாண்டி பஜாரில் அலைகிறோம், பனகல் பூங்கா ஓரத்தில் கால் ஆற உட்காருகிறோம். தி.நகரில் உள்ள அந்தத் ‘தி’ யார் என்று கேட்டால் மட்டும் நம்மில் பலருக்குப் பதில் தெரிவதில்லை. திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் பெயர் என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு.

தி.நகர் என்பது தியாகராய நகர். பாண்டி பஜார் என்று நாம் அழைக்கும் கடைத்தெரு அமைந்திருக்கும் சாலையின் பெயரும் தியாகராய சாலைதான். இரண்டும் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர்கள். அவர் பாடகர் அல்லர், சாமியாரும் அல்லர். நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் உட்கார்ந்து வரி, சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று நகரத்தின் வரவு செலவைப் பார்த்தவர்.

நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவர் என்ற அளவில் அவரைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்திலோ மேடைப் பேச்சிலோ கேட்டிருப்போம். அவருடைய வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணா என்று மாநகராட்சிக் கணக்கில் அவர் காலத்தில் எழுதப்பட்ட ஒரு செலவு. அந்த ஓரணா இருந்தபோது பள்ளிக்கூடம் நிறைந்தது. அதை நிறுத்த ஒரு கணக்கு ஆட்சேபம் போதுமானதாக இருந்தது.

தறியிலிருந்து மன்றத்துக்கு

தியாகராயர் பிறந்தது 1852 ஏப்ரல் 27. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் எனும் நெசவாளர் குலத்தில் பிறந்தவர். வட சென்னையில், வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் வாழ்ந்த வணிகக் குடும்பம் அது. நெசவும் தோல் வணிகமும் குடும்பத் தொழில்களில் முக்கியமானவை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்துக்கோ வக்கீல் தொழிலுக்கோ போனார்கள். தியாகராயர் தறிகளையும் வணிகத்தையும் விட்டு விலகவில்லை.

இங்கிலாந்து ஆலைத் துணி கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கைத்தறி நெசவாளர்கள் ஊர் ஊராகத் தொழிலை இழந்தார்கள். அவர்களில் பலர் நிலமில்லாக் கூலிகளானார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய கூட்டத்தில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். தியாகராயர் தம் தறிக்கூடத்தில் நாடாவைக் கையால் தள்ளாமல் கயிற்றை இழுத்து ஓடவிடும் புது முறையைக் கொண்டுவந்தவர். நெசவாளன் பிழைக்க வேண்டுமானால் வேகமாக நெய்ய வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

உள்ளூர் வணிகர்களுக்கென்று 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை அமைந்தபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் அதன் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார். அதற்கும் முன்பே, 1897இல், வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கியிருந்தார். அது 1950இல் கல்லூரியாக வளர்ந்து இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.

எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகையில் காணப்பட்டதால் வெள்ளுடை வேந்தர் என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது.

நாற்பது ஆண்டு நாற்காலி

1882இல் தியாகராயர் சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. 1920களின் தொடக்கம் வரை அந்த மன்றத்தோடு அவருக்கிருந்த தொடர்பு அறுபடவில்லை.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய நகராட்சி அமைப்பு அதுதான். ஆனால் பழமை மிகுந்த அந்த மன்றத்தில் மக்களுக்கு இருந்த இடம் சிறியது. குறிப்பிட்ட அளவுக்கு வரி கட்டுவோருக்கும் சொத்து உடையோருக்கும்தான் வாக்கு. தலைவர் நாற்காலியில் அரசாங்கம் அனுப்பிய அதிகாரி இருப்பார். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், வாதாடலாம், தீர்மானம் கொண்டு வரலாம். பணப்பையின் முடிச்சு பெரும்பாலும் அதிகாரியின் கையில் இருந்தது.

ஒரு நகரத்தின் வரவு எங்கிருந்து வருகிறது? நமக்குப் பழக்கமான கணக்குதான். வீட்டுக்கும் கடைக்கும் வரி, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் வரி, தொழில் வரி, வண்டி வரி, உரிமக் கட்டணம், சந்தைக் கட்டணம். லுக்குட்டிலும் போர்ட்டிக்சனிலும் வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டுகிறோமே, அதன் உறவுக்காரன்தான் அங்கேயும். செலவு மட்டும் எப்போதும் வரவை முந்திக்கொண்டு ஓடும். குடிநீர்க் குழாய், கழிவுநீர், சாலை, தெருவிளக்கு, காலராவும் பிளேக்கும் வந்தால் மருத்துவம் என்று பட்டியல் நீளும். அந்த வரிசையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கடைசியில் நிற்கும்.

இந்தக் கணக்கை நாற்பது ஆண்டுகள் பார்த்தவருக்கு நகரத்தில் எந்தத் தெருவுக்குக் காசு போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை என்பது மனப்பாடமாகியிருக்கும். 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகைக்கு மன்றம் இடம் மாறியபோது தியாகராயர் அதில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்.

1919இல் வந்த சென்னை நகராட்சிச் சட்டம் மன்றத்தின் அமைப்பை மாற்றியது. நிர்வாகம் ஆணையரிடம் போனது. மன்றத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட, அரசு அதிகாரி அல்லாத முதல் தலைவர் தியாகராயர். 1920 முதல் 1922 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தலைவர் என்ற பெயர் மேயர் என்று மாறியது அதற்குப் பிறகு, 1933இல்தான்.

ஒரே மன்றத்தில் இரு துருவங்கள்

இடையில் நடந்த அரசியல் கதையையும் சொல்ல வேண்டும். தியாகராயர் முதலில் காங்கிரஸ் பக்கம் இருந்தவர். அதே மாநகராட்சி மன்றத்தில் டாக்டர் டி. எம். நாயர் என்ற மருத்துவரும் உறுப்பினர். இருவரும் நன்கு படித்தவர்கள், இருவரும் பிடிவாதக்காரர்கள். மன்றத்தில் எதிரெதிராக நின்று மோதியவர்கள்.

இந்த இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தவர் டாக்டர் சி. நடேசனார். பிராமணரல்லாத மாணவர்கள் சென்னையில் தங்கிப் படிக்க இடம் கிடைக்காமல் தவித்த காலத்தில் விடுதி நடத்திய மருத்துவர் அவர். அரசு உத்தியோகத்திலும் கல்வியிலும் பெரும்பான்மைச் சமூகங்கள் பின்தங்கிக் கிடப்பதற்கு விடை தேட வேண்டுமானால் தனித்தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்பதை இருவருக்கும் உணர்த்தினார்.

1916 நவம்பர் 20 அன்று சென்னையில் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய மக்கள் சங்கம் உருவானது. அடுத்த மாதமே தியாகராயரின் பெயரில் பிராமணரல்லாதார் கொள்கை அறிக்கை வெளிவந்தது. 1917இல் ஜஸ்டிஸ் என்ற ஆங்கில நாளேடு தொடங்கியது. அந்தப் பெயரே பின்னர் கட்சிக்கும் ஒட்டிக்கொண்டு ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி என்றானது. தமிழில் திராவிடன் நாளேடும் வந்தது. 1919இல் டாக்டர் நாயர் லண்டனில் காலமானார். கட்சியின் சுமை தியாகராயரின் தோளுக்கு வந்தது.

வேண்டாம் என்று சொன்ன பதவி

1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. தேர்தலில் நின்ற நீதிக்கட்சி, மொத்தம் 98 இடங்களில் 63ஐப் பிடித்தது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, கட்சித் தலைவர் என்ற முறையில் தியாகராயரை அமைச்சரவை அமைக்க அழைத்தார். இன்றைய பேச்சில் சொன்னால் முதலமைச்சர் நாற்காலி.

தியாகராயர் மறுத்துவிட்டார். கடலூரைச் சேர்ந்த ஏ. சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். 1920 டிசம்பரில் அவர் முதல் அமைச்சரானார். உடல்நலம் குன்றி அவர் விலகியபின் 1921 ஜூலையில் பனகல் அரசர் பொறுப்பேற்றார். தியாகராயர் கடைசிவரை கட்சித் தலைவராகவே இருந்தார்.

இந்த மறுப்பைத் தியாகம் என்று புகழ்வது வழக்கம். புகழட்டும். அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாகாண ஆட்சியின் உச்சியைத் தள்ளிவைத்த அதே காலத்தில் அவர் விடாமல் பிடித்திருந்தது மாநகராட்சித் தலைவர் பொறுப்பை. அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான் அந்த ஓரணா தீர்மானம் வந்தது.

ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடம்

சென்னையில் ஆயிரம் விளக்கு என்று ஒரு பகுதி. அங்கே மாநகராட்சி நடத்திய தொடக்கப் பள்ளி ஒன்று இருந்தது. கட்டணம் தடையில்லை, வாத்தியார் இருந்தார், கட்டடம் இருந்தது. பிள்ளைகள்தான் ஒழுங்காக வரவில்லை.

காரணம் தேட ஆராய்ச்சி தேவைப்படவில்லை. வயிறு காய்ந்த பிள்ளை பாடம் படிக்க வராது. வீட்டில் கஞ்சி இல்லாத நாளில் அது அம்மாவோடு வேலைக்குப் போகும், அல்லது தெருவில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கும். அங்கே படிக்கும் பிள்ளைகள் ஏழைகள் என்பதையும், அந்த ஏழ்மைதான் வருகையைக் குறைக்கிறது என்பதையும் தியாகராயர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார்.

1920இல் மன்றம் தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுணவு கொடுக்கலாம். செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவைத் தாண்டக்கூடாது.

பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அப்படியானால் ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகள் சாப்பிடலாம். நகராட்சிக் கணக்கில் ஊறிய மனிதர் காலத்துத் தீர்மானம் என்பது அந்த உச்சவரம்பிலேயே தெரிகிறது. எல்லாப் பள்ளிக்கும் உணவு என்று பெரிதாக அறிவித்துவிட்டுக் காசுக்கு அலையவில்லை. ஒரு பள்ளி, ஒரு தொகை, அதற்கு ஒரு வரம்பு. பலன் தெரிந்தபின் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது.

பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. 1922-23இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 811 பிள்ளைகள். 1924-25இல் அது 1,671. இரண்டே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேல். புதுக் கட்டடத்தாலோ புதுப் பாடத்திட்டத்தாலோ வந்த கூட்டமல்ல இது. தட்டில் ஏதோ ஒன்று விழுந்ததால் வந்த கூட்டம்.

செலவையும் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு ஓரணா முழுவதும் செலவானாலும், 811 பேருக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் 11 அணா. 1,671 பேருக்கு 104 ரூபாய் 7 அணா. ஒரு மாநகரத்தின் ஐந்து பள்ளிக்கூடங்களை நிரப்ப ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்ச ரூபாய்.

இதில் இன்னொன்று கவனிக்க வேண்டும். வரி கட்டுவோருக்குத்தான் வாக்கு என்றிருந்த காலம் அது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு வாக்கு இல்லை. அடுத்த தேர்தலில் அவர்கள் யாருக்கும் கைம்மாறு செய்யப் போவதில்லை. அப்படியிருந்தும் தீர்மானம் நிறைவேறியது.

எந்தத் தலைப்பில் எழுதுவது?

திட்டத்துக்கு வந்த இடைஞ்சல் பசியிலிருந்து வரவில்லை, கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது.

1920இல் வந்த தொடக்கக் கல்விச் சட்டத்தின்படி நகராட்சிகள் கல்விக்கென்று வரி விதிக்கலாம். அந்தக் காசு தொடக்கக் கல்வி நிதி என்று தனியாக நிற்கும். அரசாங்கமும் அதற்குப் பங்களிக்கும். மாணவர்களுக்குச் சிற்றுணவு என்பது கல்விச் செலவா, இல்லையா? பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுப்பதே அதுதான் என்பதால் கல்விச் செலவுதான் என்று மாநகராட்சி கருதியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட இடமில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

1925 ஏப்ரல் 1 அன்று உணவு நின்றது.

அந்த மாதத்தின் இறுதியில் தியாகராயர் காலமானார். 73 வயது நிறைந்திருந்தது. அவரது பெயரைப் பெரிதாகச் சொல்லிக் கொண்டாடிய ஊரில், அவர் தொடங்கிய மிகச் சிறிய, மிகப் பயனுள்ள காரியம் அவருக்குச் சில வாரங்கள் முன்பே கண்ணை மூடியிருந்தது.

உணவு நின்றபின் அந்தப் பள்ளிகளில் எண்ணிக்கை சரிந்தது. மாநகராட்சி மறுபடி மறுபடி அரசாங்கத்திடம் கேட்டது. பின்னர் 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு என்று ஒரு அளவு வைத்துத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. தொடங்கியவர் போனபின்னும் மன்றம் அதை விட்டுவிடவில்லை என்பதுதான் அதில் ஆறுதல்.

பின்னால் நடந்தது எல்லாரும் அறிந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலத் திட்டமாக வளர்ந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொன்றும் அதனதன் காலத்தின் பெரிய முயற்சி. ஆனால் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது கல்விச் செலவுதான் என்ற வாதம் தமிழ் மண்ணில் முதன்முதலாக எழுந்த இடங்களில் ஒன்று சென்னை மாநகராட்சி மன்றம்.

குறைகளும் உண்டு

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறைகளை மறைத்துவிட்டால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் இடையே மோதல் மூண்டு, புளியந்தோப்பில் கலவரமானது. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் எடுத்த நிலை ஆதிதிராவிட மக்களுக்கு ஆதரவாக இல்லை என்ற மனக்கசப்பு வளர்ந்தது. அந்தச் சமூகத்தின் பெருந்தலைவர் எம். சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். எல்லாருக்கும் நீதி என்று பெயர் வைத்த கட்சிக்கு அது ஆறாத காயம்.

கட்சிக்குள்ளும் தியாகராயர் கண்டிப்பானவர். யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிறார் என்ற புகார் இருந்தது. சி. ஆர். ரெட்டி போன்றவர்கள் பிரிந்து போனார்கள். 1923 நவம்பரில் பனகல் அரசரின் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமே வந்தது. அது தோற்றது, ஆட்சி பிழைத்தது. ஆனால் கட்சியின் பழைய கட்டுக்கோப்பு திரும்பவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியோடு ஒத்துழைத்தார், சர் பட்டம் பெற்றார் என்ற விமர்சனமும் அவர்மீது உண்டு. அவர் தரப்பில் நின்று பார்த்தால், கையில் கிடைத்த அதிகாரத்தை வைத்துக் கிடைக்கும் காரியத்தைச் செய்துகொள்வது என்ற வழி அது. எதிர்த்தரப்பில் நின்று பார்த்தால் விடுதலைப் போராட்டத்துக்கு விலகி நின்ற வழி. இரண்டு பார்வையும் நூறு ஆண்டாக நடக்கும் வழக்கு, தீர்ப்பு வாசகர்களுடையது.

ஏரி நகரமான கதை

தி.நகருக்கு வருவோம். இன்று நாம் கூட்டத்தில் இடிபடும் இடம் நூறு ஆண்டுக்கு முன்னால் ஏரி. மாம்பலத்தை ஒட்டி நீளமாகக் கிடந்த நீர்ப்பரப்பு அது. சென்னை நகரம் பெருகி வீட்டுக்கு இடமில்லாமல் திணறியபோது, 1920இல் வந்த நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு ஏரி நீரை வடித்துப் புது நகர் அமைக்கும் வேலை 1923 வாக்கில் தொடங்கியது. நடுவில் ஒரு பூங்கா, அங்கிருந்து விரியும் சாலைகள் என்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட பகுதி. பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயர். பக்கத்துச் சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் நாயர், நடேசன், தணிகாசலம் என்று அந்தக் காலத்துத் தலைவர்களின் பெயர்கள். ஊர் முழுவதற்கும் தியாகராயரின் பெயர்.

ஏரியைத் தூர்த்து நகரம் கட்டியதன் விலையைச் சென்னை மழைக்காலம்தோறும் கொடுக்கிறது என்பதும் உண்மை. அன்றைய நிர்வாகிகளுக்கு வீட்டுப் பஞ்சம் கண்ணில் பட்டது, வெள்ளம் பட்டிருக்காது.

அதே ஆண்டுகளில் இங்கே

தியாகராயர் ஓரணாக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் முன்னோர் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். லுக்குட், லிங்கி, ரந்தாவ், போர்ட்டிக்சன் சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் லயத்து வீடுகள் அவர்களால் நிறைந்தன.

1923இல் இங்கே வந்த தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. சட்டம் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தது. பிள்ளையின் வயிற்றைப் பற்றி அது கவலைப்படவில்லை. விடியற்காலையில் அம்மாவும் அப்பாவும் பிரட்டுக்குப் போய்விட்டால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பால் வாளி தூக்கவும் பெரிய பிள்ளை வேண்டும். பள்ளி நாற்காலி காலியாகவே இருக்கும். ஆயிரம் விளக்கில் தியாகராயர் கண்ட அதே காலி நாற்காலி.

இன்று நம் தேசியப் பள்ளிகளிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆர்எம்டி என்ற துணை உணவுத் திட்டம் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு கிடைக்கிறது. அதைச் சலுகை என்று நினைத்துப் பெயர் கொடுக்கக் கூச்சப்படும் பெற்றோர் இன்னும் உண்டு. கூச்சப்பட ஒன்றுமில்லை. பாடப்புத்தகம் எப்படிக் கல்விச் செலவோ அப்படித்தான் இதுவும் என்பதற்கு 811இலிருந்து 1,671க்கு உயர்ந்த கணக்கே சாட்சி.

இன்னொரு பாடமும் இருக்கிறது. நல்ல திட்டம் கெட்ட எண்ணத்தால் மட்டும் சாவதில்லை. எந்த நிதியில் எழுதுவது, யார் கையெழுத்து வேண்டும், எந்தத் தலைப்பில் அனுமதி என்ற கேள்விகளாலும் சாகும். தோட்டத்துச் சாலைக்கு விளக்கு போடக் கேட்டால் அது தனியார் நிலம் என்று பதில் வருவதை நம் ஊர்க்காரர்கள் கேட்டிருப்பார்கள். அப்போது கோபப்பட்டுத் திரும்பிவிட்டால் கதை முடிந்தது. எந்தச் சட்டம், எந்த ஒதுக்கீடு, வேறு எந்த வழி என்று மறுபடி கேட்பவர் ஒருவர் வேண்டும். சென்னையில் உணவு மீண்டும் வந்தது அப்படி விடாமல் கேட்டதால்தான்.

நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை இப்போது மாநில அரசு நியமிக்கிறது. வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டாலும், வரவு செலவைக் கேட்கும் உரிமை வரி கட்டும் நமக்கு இருக்கிறது. உறுப்பினராக இருக்கும் நம்மவர்களுக்கும் தியாகராயர் ஒரு முன்மாதிரி. மாலை வாங்குவதற்கு ஒரு நாள் போதும். ஒரு மன்றத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள அவருக்கு நாற்பது ஆண்டு எடுத்தது.

ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஏப்ரல் 27 பிறந்த நாளில் மாலை விழுகிறது. நம் ஊரில் அவருக்குச் சிலையும் இல்லை, தெருவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஒரு பொருளாளர் இருக்கிறார். வேலை முடிந்து வந்து, நன்கொடை ரசீதுகளைக் கூட்டிக் கழித்து, காலையில் பசியோடு வரும் நாலு பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கிலிருந்து நாசி லெமாக் வாங்கித் தரலாம் என்று யோசிக்கும் அம்மாவோ அண்ணனோ. வெள்ளுடை வேந்தர் செய்த வேலையைத்தான் அவர்களும் செய்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர் கணக்கு வாசிக்கும்போது, தயவு செய்து எழுந்து போய்விடாமல் கடைசிவரை உட்கார்ந்து கேளுங்கள்.